அளந்து வைத்த தீவனம்

விஜயஸ்ரீ குறைமாதத்தில் பிறந்தவள். பஞ்சில் சுற்றி வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். பிழைத்த பிறகும் நோய் விட்டபாடில்லை. சளி போனால் காது ஒழுகும், காது ஆறினால் காய்ச்சல் வரும். அவளுடைய அம்மா கோமு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடையாய் நடந்ததைத் திருநெல்வேலி டவுணில் அவர்கள் தெருவே பார்த்திருக்கிறது. டாக்டர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து எழுதிக் கொடுப்பார். ஒரு பாட்டில் தீரும் முன்பே அடுத்த பாட்டில் வந்துவிடும். தாய்ப்பாலைவிட அந்த மருந்தைத்தான் பிள்ளை அதிகம் குடித்தது என்று கோமு பின்னாளில் சொல்வாள். பிள்ளை உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தால் போதும் என்று காந்திமதியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்.

சதை பிடித்தது. ஐந்து வயதில் கன்னம் உப்பியிருந்ததைப் பார்த்து எல்லோரும் கிள்ளிக் கொஞ்சினார்கள். எட்டு வயதில் கொஞ்சல் நின்றுபோனது. பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவெடுத்த தையல்காரர் ஒருநாள், "எடுத்த துணி பத்தாதும்மா, இன்னும் கொஞ்சம் எடுக்கணும்" என்று சொன்னபோது கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் கோமுவுக்குப் பயம் வந்தது.

அப்பா நமச்சிவாயம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அதிகம் பேசாத மனிதர். ஒரு காலத்தில் ஆற்றங்கரை வயல்களெல்லாம் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தனவாம். இப்போது மிஞ்சியது டவுணில் ஒரு நீள வீடும், சைவக் குடும்பம் என்ற பேரும். அந்தப் பேரைக் காப்பது தன் பொறுப்பு என்று கோமு நினைத்தாள். மகள் உடம்பு வளர்வது அவளுக்கு நோயாகத் தோன்றவில்லை. ஒழுக்கக்கேடாகத் தோன்றியது.

விஜயஸ்ரீயின் தட்டில் சோறு குறைந்தது. பிறகு ராத்திரிச் சோறே நின்றுபோய் இரண்டு இட்லி ஆனது. இரண்டு வயது இளைய தம்பி கார்த்திகேசன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெய் ஊற்றி மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவான். அவனுக்கு விலா எலும்பு எண்ணுகிற உடம்பு. "எம்புட்டுத் தின்னாலும் இவனுக்கு ஒட்டவே மாட்டேங்குதே" என்று கோமு இன்னும் ஒரு கரண்டி வைப்பாள். விஜயஸ்ரீ இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை நீட்டிக்கொண்டிருப்பாள்.

சாப்பாட்டைக் குறைத்தும் உடம்பு குறையவில்லை. அப்படியானால் எங்கேயோ ஒளித்துத் தின்கிறாள் என்றுதானே அர்த்தம்? கோமு அடுக்களைக்குப் பூட்டு வாங்கிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். விஜயஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்துவாள்.

"ஏட்டி, வாயை ஊது."

ஊதுவாள். கோமு மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து மோந்து பார்ப்பாள். கடலைமிட்டாய் வாசனை வருகிறதா, முறுக்கு வாசனை வருகிறதா என்று. ஒன்றும் வராது. ஒன்றும் வராதது கோமுவுக்கு இன்னும் கோபத்தை மூட்டும். "தண்ணியை ஊத்திக் கொப்புளிச்சிட்டுல்லா வந்திருக்கா!"

ஆனித் தேரோட்டத்துக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்த ஒரு வருஷம், கோமு பயற்றையும் வெல்லத்தையும் உருட்டி முந்திரிக்கொத்து செய்து, கூடத்தில் பெரிய தூக்குவாளியில் வைத்திருந்தாள். தேர் பார்த்துவிட்டு வந்து திறந்தால் வாளியில் பாதிதான் இருந்தது. கூடத்தில் நிறையப் பேர். எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"நான் தின்னலம்மா" என்றாள் விஜயஸ்ரீ.

அத்தனை பேருக்கும் நடுவில் கோமு அவள் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு தோசைக்கரண்டியின் காம்பால் தொடையில் அடித்தாள். நமச்சிவாயம் எழுந்து வெளியே போனார். கார்த்திகேசன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடியைவிட, பற்களுக்குள் அம்மாவின் விரல் துழாவியதுதான் விஜயஸ்ரீக்கு நெடுங்காலம் மறக்கவில்லை. சொன்னதை ஒருவரும் நம்பவில்லை என்பதும்.

அதற்குப் பிறகு அவள் "நான் தின்னல" என்று சொல்வதையே விட்டுவிட்டாள். கொஞ்ச காலத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. தனக்குத் தெரியாமல் எதையாவது தின்றுவிடுகிறோமோ? கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரப் பயந்தாள். உட்கார்ந்தாலும் பாயசத்தைத் தொடமாட்டாள். எதிர்வரிசையில் இருப்பவர்கள் அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள்.

விலங்கியல் படித்தாள். பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது, தென்காசியிலிருந்து ஒன்று. தென்காசிக்காரர்கள் கேசரியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா மகனிடம் சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது. "இவளுக்குப் பொங்கிப் போடவே ஒரு சம்பளம் வேணும்லே." அதற்குப் பிறகு யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று விஜயஸ்ரீ அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் சரி என்று தலையாட்டினார். சில வருஷங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். கார்த்திகேசன் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டான். நீள வீட்டில் தாயும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஆராய்ச்சிக்காக வெள்ளைச் சுண்டெலிகள் வளர்க்கும் கட்டடம் ஒன்று உண்டு. அனிமல் ஹவுஸ் என்பார்கள். கூண்டில் உமி மாற்றுவது, தண்ணீர் பாட்டில் கழுவுவது, தீவனக் கட்டி வைப்பது, எடை போடுவது எல்லாம் அவள் வேலை. "எலிப் பீ அள்ளுததுக்கா ஒன்னை டிகிரி படிக்க வச்சோம்?" என்று கோமு தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் விஜயஸ்ரீக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. நீள்வாக்கில் அடுக்கிய கூண்டுகள், உமியின் வாசனை, ஏசியின் ஒரே மாதிரியான இரைச்சல். அங்கே யாரும் அவளை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. நாற்பதைத் தாண்டியும் அங்கேயே இருந்தாள்.

அந்தக் கல்லூரிக்கு பிரிஸில்லா என்று ஒரு பேராசிரியை வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டைக்காரி. வெளியூரில் படித்துவிட்டு ஊரோடு இருக்கலாம் என்று வந்தவள். வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளுக்கும் உடல் பருமனுக்கும் என்ன சம்பந்தம் என்று எலிகளில் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அவள் சொன்னபடியெல்லாம் விஜயஸ்ரீ செய்தாள். முதலில் சில எலிகளை நெய்யும் மாவும் கலந்த தீவனம் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள். சிலவற்றை ஒல்லியாகவே வைத்திருந்தார்கள். பிறகு புதிதாக வந்த எலிக்குஞ்சுகளின் குடிதண்ணீரில் கிருமியைக் கொல்லும் மருந்து கலந்து, அவற்றின் குடலில் ஏற்கெனவே இருந்த கிருமிகளைத் துடைத்தெடுத்தார்கள். அந்தக் குஞ்சுகளில் பாதிக்குக் கொழுத்த எலிகளின் புழுக்கையை உப்புத்தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வளைந்த மழுங்கல் ஊசி வழியே வாயில் விட்டார்கள். மீதிப் பாதிக்கு ஒல்லி எலிகளின் புழுக்கைக் கரைசல். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம், ஒரே அளவு. கூண்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்து, விஜயஸ்ரீதான் தராசில் நிறுத்து வைப்பாள். மறுநாள் மிச்சத்தை எடுத்து நிறுப்பாள்.

கொழுத்த எலிகளின் கரைசல் குடித்ததில் ஒரு பெட்டை எலி இருந்தது. அடையாளத்துக்காக அதன் தலையில் மஞ்சள் சாயம் தொட்டிருந்தார்கள். அது வாரத்துக்கு வாரம் எடை கூடிக்கொண்டே போயிற்று. மற்றவையும் கூடத்தான் செய்தன, ஆனால் இது அவற்றைத் தாண்டிப் போனது. விஜயஸ்ரீக்கு முதலில் தராசின் மேல் சந்தேகம் வந்தது. மாற்றிப் பார்த்தாள். பிறகு அந்த எலியின் மேலேயே சந்தேகம் வந்தது. பக்கத்துக் கூண்டுக் கம்பிக்குள் மூக்கை விட்டு எடுத்துத் தின்கிறதோ? கூண்டைத் தள்ளி வைத்தாள். உமியைக் கிளறித் துழாவினாள். கடைசியில் எலியைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, கன்னத்துக்குள் எதையும் அடக்கி வைத்திருக்கிறதா என்று வாயை நெம்பிப் பார்த்தாள்.

எலி கத்தவில்லை. பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. வாய்க்குள் ஒன்றுமில்லை.

தன் விரல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எலியைப் பைய உமியில் இறக்கிவிட்டு, உமிச்சாக்கின் மேல் போய் உட்கார்ந்தாள்.

உள்ளே வந்த பிரிஸில்லா, "என்ன விஜயா, மேலுக்குச் சுகமில்லையா?" என்றாள்.

"மேடம், இது திருடித் திங்கல. நான் பாத்துட்டேன். நான் வச்சதைத்தான் திங்குது. அதுலயும் மிச்சம் வைக்கி. அப்புறம் எப்படி மேடம் இம்புட்டு வளருது?"

பிரிஸில்லா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதத்தான நாம தேடுதோம். ஒரே அரிசியை ரெண்டு பேரு வடிக்காங்கன்னு வச்சுக்கிடுங்க. ஒருத்தி கஞ்சியைக் கீழ ஊத்திருதா. இன்னொருத்தி அந்தக் கஞ்சியையும் விடாமக் குடிச்சிருதா. சோறு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஒட்டுறது ஒண்ணில்ல. இது வயித்துல கொழுத்த எலியோட கிருமி உக்காந்திருக்கு. புழுக்கையில வெளிய போக வேண்டிய சத்தைக்கூட அது பிச்சு எடுத்து உடம்புக்குக் குடுத்திருது. மிஞ்சினதெல்லாம் கொழுப்பா சேருது. ரத்தத்துல சர்க்கரையும் ஏறுது."

"அப்ப இது மேல தப்பு இல்ல."

"எலி மேல என்ன தப்பு இருக்கு?" என்று பிரிஸில்லா சிரித்தாள். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

விஜயஸ்ரீ தன் கதையைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை, எலிக் கூண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னாள். இளஞ்சிவப்பு மருந்தைப் பற்றிச் சொன்னபோது பிரிஸில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது கிருமியைக் கொல்லும் மருந்தாக இருந்திருக்கும், குட்டியாக இருக்கும்போதே அந்த மாதிரி மருந்து கொடுத்த எலிகள் பின்னால் கொழுத்ததைச் சில இடங்களில் பார்த்திருக்கிறார்கள் என்றாள். வெளிநாட்டில் கோழிகளுக்கும் மாடுகளுக்கும் சதை பிடிக்கவென்றே தீவனத்தில் அதைக் கலந்த காலமும் உண்டாம்.

"ஆனா ஒண்ணு விஜயா. எலிக்கு ஆனது அப்படியே மனுசனுக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. பெறவிக் கூறு, சாப்பாடு, அலைச்சல், எத்தனையோ இருக்கு. அதுல இதுவும் ஒண்ணா இருக்கலாம். அம்புட்டுத்தான்."

"இருக்கலாம்னு சொன்னீங்கள்லா மேடம். அது போதும்" என்றாள் விஜயஸ்ரீ. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விட்ட இடத்திலிருந்து தண்ணீர் பாட்டில்களைக் கழுவத் தொடங்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் டவுண் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளை வீட்டுக்கு ஓடுவதுபோல இருந்தது.

கோமுவுக்கு அப்போது வயது எழுபத்தைந்தை நெருங்கியிருந்தது. மெலிந்த தேகம்தான். ஆனாலும் சர்க்கரை வந்து, புண் ஆறாமல், வலதுகாலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கட்டிலைவிட்டு அதிகம் எழுவதில்லை. விஜயஸ்ரீதான் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்து, கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள்.

கஞ்சியைக் கொடுத்துக்கொண்டே எலியின் கதையைச் சொன்னாள். கோமு ஒவ்வொரு கரண்டியாக வாங்கிக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "எலியைப் பாத்தா நான் ஒன்னைப் பெத்தேன்?" என்றாள்.

"அதுக்குச் சொல்லலம்மா. நான் ஒளிச்சுத் திங்கலன்னு அப்பமே சொன்னேம்லா. தேரன்னைக்கு அந்த முந்திரிக்கொத்தைக்கூட நான் தொடல. நீ நம்பல."

கோமு வாயைத் துடைக்கச் சொன்னாள். விஜயஸ்ரீ துடைத்துவிட்டாள். மச்சைப் பார்த்துக்கொண்டே கோமு சொன்னாள்: "அது எனக்குத் தெரியும்."

"என்னது தெரியும்?"

"நீ திங்கலன்னு தெரியும். கார்த்தியோட டவுசர் பையெல்லாம் வெல்லப்பாகு ஒட்டிக் கிடந்துச்சு. அன்னைக்கே துவைக்கையில பாத்தேன்."

விஜயஸ்ரீ கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "தெரிஞ்சுமா அதுக்கப்புறமும் என் வாயை மோந்து பாத்த?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? அவன் தின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஒன்னைத்தான ஊரே பாக்கு. பொம்பளப் பிள்ளை இப்படி வளருது, பெத்தவ பாத்துக்கிட்டு இருக்காளேன்னு ஒங்க அத்தைமாரு எங் காதுபடவே பேசுவாக. நான் என்னமாவது செஞ்சாத்தான என்னை வையாம இருப்பாக? நீ தின்னியா திங்கலையான்னு யாருட்டி கேட்டா?"

கோமுவின் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு கஞ்சி ஆறிப் போயிற்று என்று முணங்கினாள். விஜயஸ்ரீ உள்ளே போய் அதைச் சூடாக்கினாள். அடுப்பின் முன்னால் நின்றபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தன்னை நம்பாததால்தான் அம்மா அடித்தாள் என்று நினைத்திருந்த காலமெல்லாம், என்றைக்காவது ஒருநாள் உண்மை தெரிந்தால் அம்மா மாறுவாள் என்று ஒரு மூலையில் ஓர் எண்ணம் உயிரோடு இருந்திருக்கிறது. அது இருந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

சூடாக்கிய கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். புண்ணுக்கு மருந்து வைத்தாள்.

மார்கழியில் ஆராய்ச்சி முடிவுக்கு வந்தது. முடிவு என்றால் எலிகளைக் கொன்று, அறுத்து, உள்ளே சேர்ந்த கொழுப்பை எடுத்து நிறுப்பது. எல்லா ஆராய்ச்சிக்கும் அப்படித்தான். விஜயஸ்ரீக்கு அது புதிதில்லை. ஆனால் அந்தத் தடவை பிரிஸில்லா, "நீங்க வேணும்னா லீவு போட்டுக்கிடுங்க விஜயா. நான் வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"இல்ல மேடம், நானே பிடிக்கேன். புதுக் கைன்னா பயந்துக்கிடும்."

முந்தின நாள் சாயங்காலம் அவள் மஞ்சள் தலை எலியின் கூண்டு முன்னால் நின்றாள். "மேடம், இதுக்கு மட்டும் ரெண்டு கடலை போடட்டுமா? பொறந்ததுல இருந்து அளந்து வச்சதைத்தான தின்னுருக்கு."

பிரிஸில்லா தலையைக் குனிந்துகொண்டாள். "காலையில சர்க்கரை பாக்கணும். வெறும் வயித்துலதான் இருக்கணும். இருக்கிற தீவனத்தையும் எடுத்துருங்க."

எடுத்தாள். ஒவ்வொரு கூண்டாக எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கூண்டுக்கு வந்தபோது எலி கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, வழக்கம்போல அவள் விரலை மோந்து பார்த்தது. தீவனம் வைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

காலையில் வாலின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். அதிகமாகத்தான் இருந்தது. மயக்கமருந்துப் பெட்டிக்குள் விடும்வரை விஜயஸ்ரீ அதை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தாள். வெதுவெதுப்பாக, படபடவென்று துடித்துக்கொண்டு கிடந்தது. பிறகு துடிப்பு அடங்கியதும் பிரிஸில்லாவின் கத்தரிக்கோல் வேலை செய்தது. வயிற்றுக்குள் வெள்ளைவெளேரென்று கொழுப்பு. அடுத்த கூண்டு எலிக்கு அதில் பாதிகூட இல்லை. "பாத்தீங்களா" என்று பிரிஸில்லா சொல்ல வந்து, சொல்லாமல் கொழுப்பை நிறுத்தாள். விஜயஸ்ரீ மிச்சத்தைப் பையில் போட்டுக் கட்டினாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலைப்பொழுதில் கோமு இறந்துபோனாள். விஜயஸ்ரீ அப்போது கல்லூரியில் உமி மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். கார்த்திகேசன் வந்து கருப்பந்துறையில் கொள்ளி வைத்தான். காரியத்துக்கு வந்த அத்தை ஒருத்தி, "கோமு கடைசி வரைக்கும் இவளை நெனச்சு நெனச்சுல்லா உருகிப் போனா" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். விஜயஸ்ரீ கேட்டுக்கொண்டே பந்திக்கு இலை போட்டாள்.

எல்லோரும் போன பிறகு தம்பியிடம் கேட்டாள். "ஏலே கார்த்தி, ஒரு தேருக்கு அம்மா முந்திரிக்கொத்து செஞ்சு வச்சிருந்தா, ஞாபகம் இருக்கா?"

"எந்தத் தேருக்கா? அம்மா எல்லாத் தேருக்கும்தான செய்வா." அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனுக்கும் இப்போது தொப்பை விழுந்திருந்தது. அவன் மனைவி அதைப் பெருமையாகவே சொன்னாள், எல்லாம் தன் சமையல் என்று.

டவுண் வீட்டில் தனியே இருக்க முடியவில்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைக்கு வாடகைக்குப் போனாள். பிரிஸில்லா அடுத்த ஆராய்ச்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். புதிய எலிக்குஞ்சுகள் வந்து இறங்கின. விஜயஸ்ரீ அவற்றைக் கூண்டு கூண்டாகப் பிரித்து விட்டாள். இந்தத் தடவை தலையில் சாயம் தொடும் வேலையை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாள்.

வெயில் காலத்தில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. தாகம் அடங்கவில்லை. ரத்தம் பார்த்ததில் சர்க்கரை என்றார்கள். பஸ் ஏறி ஒரு டாக்டரிடம் போனாள். சின்ன வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே அவள் உடம்பைப் பார்த்துவிட்டார்.

"மொதல்ல வாயைக் கட்டணும்மா. என்னெல்லாம் சாப்பிடுவீங்க?"

காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி ஒரு தம்ளர் மோர் என்று அவள் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க வாரவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க. எங்கிட்ட மறைச்சா நஷ்டம் ஒங்களுக்குத்தான்."

எலிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். கரைசல், ஒரே அளவுத் தீவனம், பிரிஸில்லா மேடம் அறுத்துக் காட்டியது எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கீழே மருந்துக்கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு, கல்லூரிக்குப் போகும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றாள்.